காது மட்டும் விழித்திருந்தது: செத்துப் பிழைத்தவர்களின் அனுபவங்கள்

சேலத்துக்காரர்

போன ஆவணியில் எனக்கு மாரடைப்பு. வயது 52. கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. வாயு என்று நினைத்து ஒரு கோலி சோடா குடித்தேன். ஏப்பமும் வந்தது. அதை நம்பி முக்கால் மணி நேரம் வீணாக்கினேன். சட்டை தொப்பலாக நனைந்ததைப் பார்த்துப் பக்கத்துக் கடைப் பையன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டான். இரண்டு ஸ்டென்ட்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனம்: "இது உனக்கு மறுபிறவிப்பா." நானும் காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் கண் விழித்தால் முன்பு போலவே கரண்ட் பில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கூடுதலாக வந்தது பயம் ஒன்றுதான். ராத்திரி இடது பக்கம் புரண்டால் இதயம் துடிப்பது காதில் கேட்கிறது, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். சாவைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஞானி ஆகிவிடுவார்கள் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏதாவது கோளாறா? உங்களுக்கு என்ன மாறியது, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய வாத்தியார், மதுரை

ஐயா, பயத்தை விரட்டாதீர்கள், அதன் வழியாகவே போய்ப் பாருங்கள். 1896 ஜூலையில் எங்கள் மதுரையில்தான் அது நடந்தது. சிற்றப்பா வீட்டு மாடியில் 16 வயதுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம் பிடித்தது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. கைகால்களை விறைத்துக்கொண்டு, உதட்டை இறுக மூடிப் பிணம் போலப் படுத்து, 'செத்துப்போவது எது?' என்று விசாரித்தான். சில வாரங்களில் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்கு ரயிலேறிவிட்டான். பிறகு அவர் ரமண மகரிஷி. உங்களுக்குக் கிடைத்திருப்பதும் அதே வாசல்தான். கரண்ட் பில்லில் அதைத் தவறவிடாதீர்கள்.

குடவாசல் பக்கம்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ரமணர் தானாகப் படுத்துப் பார்த்தார். என்னைப் பாம்பு படுக்க வைத்தது. அவருக்கு 'நான் யார்' என்று தோன்றியது. எனக்கு மூக்கு நுனியில் அரித்தது. சொறியக் கை வரவில்லை. என் ஞானம் அங்கேதான் தொடங்கியது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013, ஐப்பசி. சம்பா நட்டு முடித்திருந்தோம். கட்டில் போட்டிருந்த அறையில் ஓடு ஒழுகியதால் ரேழியில் பாய் விரித்துப் படுத்தேன். நடுச்சாமத்தில் இடது முழங்கையில் சுருக்கென்றது. எறும்பு என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். விடியும் நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது. வீட்டில் ஓமம் வெந்நீர் கொடுத்தார்கள். முதலில் போன இடத்தில் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, கடிவாய் என்று காட்ட என்னிடமே ஒன்றும் இல்லை. கட்டுவிரியன் பல் அவ்வளவு சின்னது. வலிக்காது, வீங்காது.

எட்டு மணிக்கு அண்ணன் வந்தார். "ஏண்டா தூங்கி வழியுற?" என்றார். நான் தூங்கவில்லை, இமை தூக்கவே வரவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்து நிற்காமல் முன்னால் தொங்கியது. அண்ணன் என்னைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு கிளம்பினார். என் முகம் அவர் முதுகில் அழுந்தியிருந்தது. சட்டையில் பூச்சிமருந்து வாடை. அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா என் இமையைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி தரையில படுத்தீங்களா?" அண்ணன் ஆமாம் என்று முடிப்பதற்குள் விஷமுறிவு மருந்து 10 குப்பியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்தக் கேள்விதான் என் உயிர். பிறகு 108-ல் ஏற்றினார்கள். கூட வந்த தம்பி என் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பையைப் பிசைந்துகொண்டே வந்தார். அவர் பிசைந்தால் எனக்கு மூச்சு, நிறுத்தினால் இல்லை.

அதற்குப் பிறகு ஆறு நாள் வென்டிலேட்டர். நான் மயக்கத்தில் இருந்ததாகத்தான் ஊரில் பலரும் இன்னமும் நினைக்கிறார்கள். கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை, ஆனால் காது முழுசாக விழித்திருந்தது. தொண்டையில் குழாய் விட்டுச் சளி உறிஞ்சும்போது உயிர் போகும். பல்லைக் கடிக்கக்கூட முடியாது.

இரண்டாம் நாள் யாரோ இமையைத் தூக்கி டார்ச் அடித்தார்கள். கண் பாப்பா விரிந்தபடியே நிற்கிறது, ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள் என்று ஒரு குரல். என் கால்மாட்டில் இன்னொரு குரல், "வீட்டுக்கே எடுத்துட்டுப் போறதுன்னா என்ன செய்யணும் சார்? வண்டிக்கு சொல்லிரவா?"

அண்ணன் குரல்.

கத்தினேன். என் மண்டைக்குள்ளேயே கத்திவிட்டு, அது வெளியே வராததையும் நானே கேட்டேன்.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் ஒருவர் வந்தார். ஆள் உருவம் தெரியாது, குரல் மட்டும் தெரியும், கொஞ்சம் சளி பிடித்த குரல். காதருகே குனிந்து, "நான் பேசறது கேட்டா வலது கால் கட்டைவிரலை அசைங்க" என்றார். என் உடம்பில் எனக்கென்று மிஞ்சியிருந்த சொத்து அந்த விரல் ஒன்றுதான் போல. அசைத்தேன். எனக்கு மரத்தை அசைப்பதுபோல் இருந்தது. வெளியே நூலளவு அசைந்திருக்கும். "பார்த்தீங்களா, ஆள் உள்ளதான் இருக்காரு" என்று சிரித்தார்.

காலையும் மாலையும் ஐந்து நிமிடம் வீட்டுக்காரிக்கு அனுமதி. அவள் அழவில்லை. காதோடு வாய் வைத்துக் கணக்குச் சொன்னாள். "செவலை கன்னு போட்டுருச்சு, கிடாரி." அடுத்த தடவை, "சீட்டுக்காரர் வந்தாரு. 40,000 எடுத்தீங்களாமே, எனக்குத் தெரியாதே." அதற்கடுத்து, "உரக்கடையில 11,000 நிக்குதாம்." நான் மறைத்து வைத்திருந்த ஒவ்வொரு கடனும் வாசலுக்கு வந்து அவளிடம் தன் பெயரைச் சொல்லியிருக்கிறது. மூஞ்சியை மூடிக்கொள்ளவும் கை இல்லை, கேட்காதது மாதிரி எழுந்து போகக் காலும் இல்லை. 13 வருஷக் குடும்பத்தில் அவள் பேசி முடிக்கிற வரை நான் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. நாலாம் நாள் சொன்னாள்: "இன்னும் எவ்வளவு இருக்குன்னு நீங்களே எழுந்து வந்து சொல்லுங்க. என்னால ஊர்ல ஒவ்வொருத்தர் வாயா கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

எழுந்து வந்து சொன்னேன். இன்னொரு 25,000 இருந்தது.

சேலத்து அண்ணே, என்ன மாறியது என்று கேட்டீர்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் வரவு செலவு எழுதி அவள் தலைமாட்டில் வைக்கிறேன். இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகாமல் வீட்டில் யாரும் படுக்கக்கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில் ஊர்ந்து வருவது, சொருகிய வலைக்குள் வராது. தெருவில் நாலு வீட்டுக்கு நானே வலை வாங்கிக் கொடுத்ததில் 'வலைக்காரர்' என்று பட்டப்பெயர். கெட்டதும் உண்டு. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூட என்னால் ஆகாது. இத்தனை வருஷமாக அவளும் வெளிச்சத்தில்தான் தூங்குகிறாள்.

ஒருமுறை மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இறங்கினேன். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது. அவர்கள் எடுக்கும் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் எனக்குப் போட்ட மருந்தைச் செய்கிறார்கள். மண்பானைகளை வரிசையாக வைத்துத் துணி கட்டியிருந்தார்கள். பெரியவர் ஒருவரிடம் கட்டுவிரியன் இருக்கிறதா என்றேன். பானையைத் திறந்து காட்டினார். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கீற்று, தலையைச் சுருளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு கிடந்தது. "பகல்ல ரொம்ப சாதுங்க இது" என்றார். சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்களாம். கோபம் வரும் என்று நினைத்துப் போனேன். வரவில்லை. மூக்கு நுனி மட்டும் அரித்தது, அழுத்திச் சொறிந்துகொண்டேன்.

கோவை, ஐசியூ நர்ஸ்

அண்ணா, உங்கள் பதிவை எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டுவிரியன் விஷம் மூளையைத் தொடுவதில்லை. தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு நுனிகளைச் சிதைக்கிறது. சிதைந்ததை விஷமுறிவு மருந்து ஒட்டவைக்காது, நுனிகள் புதிதாக வளர்ந்துதான் வர வேண்டும். அதுவரை மெஷின் மூச்சு விட வேண்டும். கண் பாப்பாவும் சுருங்காது என்பதால் பார்ப்பவருக்கு மூளை போய்விட்டது போலவே இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் அதனால்தான் விரலை அசைக்கச் சொல்கிறார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஒரு ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலையே பார்க்காமல் போனவர்களும் அதில் உண்டு.

14 வருஷமாக நான் சளி எடுக்கும் முன் "அண்ணா, இப்போ கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். இனி செய்ய மாட்டார்கள்.

சேலத்து ஐயாவுக்கு: மாரடைப்புக்குப் பிறகு இந்தப் பயமும் மனச்சோர்வும் நிறையப் பேருக்கு வருவதுதான். ஞானம் வராததைப் பற்றிக் கவலைப்படாமல், தூக்கம் வராததை உங்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணா, உங்கள் அண்ணனிடம் கேட்டீர்களா?

கீச்சாங்குப்பம்

எனக்கு இவ்வளவு எழுத வராது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். காலையில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன், அக்கா பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். தண்ணி கறுப்பாக வந்தது. எனக்கு ஒரு மாடிக் கம்பி கிடைத்தது.

கடலம்மா உன்னை விட்டுவைத்தாள் என்று எல்லாரும் சொன்னார்கள். எதுக்கு விட்டாள் என்று கேட்டுக்கொண்டே எட்டு வருஷம் குடித்தேன். பொண்டாட்டி நகை, நிவாரணத்தில் வந்த பணம், எல்லாம் போனது. அதனால் பிழைத்தவன் எல்லாம் நல்லவனாக ஆவான் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். குடியை விட்டதற்கும் பெரிய காரணம் இல்லை. ஈரல் கெட்டது, டாக்டர் திட்டினார், விட்டேன். இப்போது கடலுக்குப் போகிறேன்.

ஒன்று மட்டும் மாறியது. சின்னப் பிள்ளைகளை ரோட்டில் கூட்டிப்போனால் மணிக்கட்டைத்தான் பிடிப்பேன். விரலைப் பிடிக்க மாட்டேன்.

சேலத்துக்காரர்

கீச்சாங்குப்பம் தம்பிக்கு என்ன பதில் எழுதுவது என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஒன்றும் எழுத வரவில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சிஸ்டர், நாளை மறுநாள் செக்கப் இருக்கிறது, சொல்கிறேன்.

குடவாசல் பக்கம்

சிஸ்டர், கேட்கவில்லை. முதல் வருஷம் கேட்க வேண்டும் என்று நெஞ்சு அடைத்தது. அப்புறம் ஒரு நாள் அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து உரம் வாங்கப் போனேன். அதே பூச்சிமருந்து வாடை. என்னைத் துண்டில் கட்டிக்கொண்டு போனதும் இவர்தான், வண்டிக்குச் சொல்லவா என்றதும் இவர்தான். இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாள், ஒரு டார்ச் லைட். அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். முழுசாக விட்டேனா என்று கேட்டால், தெரியவில்லை.

போன பொங்கலுக்கும் சம்பந்தி வீட்டு ஆட்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டரே கைய விரிச்சுட்டாரு. நான்தான் விடல. என் தம்பி எழுந்துருவான், மெஷினைக் கழட்டக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னேன்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னடா?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். அடுக்களை வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.