சேகரிப்பாளர் சந்திப்பு என்று அழைத்தாலும் வாடிக்கையாளர் விருந்தாகவே முடிகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி – நொடிமுள்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் சுவிஸ் கைக்கடிகாரங்களை விற்கும் ஒரு கடையில் வாடிக்கையாளர் தொடர்பைக் கவனித்துவருகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை, சேகரிப்பாளர் சந்திப்பு என்ற பெயரில் நட்சத்திர விடுதியில் கூட்டம் நடத்துகிறோம். வருகிறவர்கள் புதிய வரவுகளைப் பார்க்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், விற்பனையாளரைத் தனியே அழைத்து, தாம் கேட்ட கடிகாரம் எப்போது கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வந்தவருக்குக்கூடப் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் தெரிந்திருப்பதில்லை.

சென்ற முறை மட்டும் ஒன்று நடந்தது. வேறு வேலையாக அங்கே வந்திருந்த எங்கள் சர்வீஸ் பிரிவு மெக்கானிக், பெரியவர் ஒருவர் கட்டியிருந்த அறுபதுகளின் ஃபேவர் லூபா கைக்கடிகாரத்தை, அவர் கேட்டுக்கொண்டதற்காகப் பின்மூடியைத் திறந்து காட்டினார். சற்று நேரத்தில் அரங்கிலிருந்த அனைவரும் எழுந்துவந்து அந்த மேசையைச் சூழ்ந்துகொண்டு, இருந்த ஒரே பூதக்கண்ணாடியைக் கைமாற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அரை மணி நேரம் புதிய கடிகாரங்கள் இருந்த கண்ணாடிப் பேழையின் பக்கம் ஒருவரும் போகவில்லை. மேலாளர் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை. எனக்கோ, நாங்கள் இதுவரை நடத்திய கூட்டங்களில் உருப்படியானது அந்த அரை மணி நேரம்தான் என்று தோன்றியது. இத்தகைய ஒட்டுதலை ஒரு நிறுவனம் தன் முயற்சியால் உண்டாக்க முடியுமா?

பதில் 1 – கருப்புடயல்

எனக்குத் தெரிந்து நன்றாக வேரூன்றிய குழுக்கள் எவற்றையும் நிறுவனங்கள் தொடங்கவில்லை. இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகள் செய்துகொடுத்துவந்த ஃபுளோரன்ஸ் நகரத்துப் பானராய், 1993-இல்தான் பொதுமக்களுக்குக் கடிகாரம் விற்கத் தொடங்கியது. 1997-இல் ஆடம்பரப் பொருள் நிறுவனமான ரிஷ்மோன் குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதன் ரசிகர்கள் 2000-இல் ‘பானரிஸ்தி’ என்ற பெயரில் தாங்களாகவே இணையத்தில் கூடினார்கள். எந்த மாதிரிக்கு எந்தத் தோல் ஸ்ட்ராப் எடுப்பாக இருக்கும் என்று நாள்கணக்கில் வாதிடுவது அவர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு (ஸ்ட்ராப் மாற்றும் பைத்தியம் பானராய்க்காரர்களிடம் இருப்பதுபோல வேறெவரிடமும் நான் கண்டதில்லை). பத்தாம் ஆண்டை ஒட்டி, அவர்களுடைய யோசனைகளைக் கேட்டுப் பானராய் 2010-இல் 300 கடிகாரங்கள் மட்டும் செய்து வெளியிட்டது.

ஒமேகாவின் கதை இன்னும் எளியது. ஃபிராத்தெல்லோ என்ற கடிகார இணைய இதழைத் தொடங்கிய ராபர்ட்-யான் புரூர், 2012-இல் ஒரு செவ்வாய்க்கிழமையன்று தம்முடைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தின் படத்தை முகநூலில் போட்டு, ‘ஸ்பீடி டியூஸ்டே’ என்று எழுதினார். மற்றவர்களும் செவ்வாய்தோறும் தத்தம் கடிகாரத்தின் படத்தைப் போட, அது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 2017 ஜனவரி 10, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமையன்று, அந்த வழக்கத்தின் பெயரிலேயே ஒமேகா ஒரு ஸ்பீட்மாஸ்டரை அறிவித்தது. தொடங்கிய ஆண்டை நினைவூட்டும் வகையில் 2,012 கடிகாரங்கள். இணையவழி முன்பதிவில் நான்கேகால் மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்தன. அந்த வேகத்தை எல்லாரும் வியந்தார்கள். நான் வியப்பது, ஒரு ரசிகர் விளையாட்டாக வைத்த பெயரை நிறுவனம் மாற்றாமல், உரியவருக்கே பெருமையைக் கொடுத்துக் கடிகாரத்தில் ஏற்றியதைத்தான்.

நியூயார்க்கில் 2007-இல் நண்பர்கள் இருவர் மதுக்கூடமொன்றில் சந்தித்துத் தொடங்கிய ரெட்பார் குழுவையும் சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. எங்கே கூடினாலும் கொண்டுவந்த கடிகாரங்களை மேசையில் குவித்துவிட்டு, யாருடையதை யாரும் எடுத்துக் கட்டிப்பார்க்கலாம். உங்கள் அரங்கிலோ கடிகாரங்கள் பேழைக்குள் இருந்திருக்கின்றன. பேழையை அகற்றிவிட்டு மெக்கானிக்கை அதற்கென்றே அழையுங்கள்.

பதில் 2 – காத்திருப்பவன்

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மெக்கானிக்கை வரவழைப்பதால் மட்டும் சரியாகிவிடாது. எஃகுக் கடிகாரம் ஒன்றுக்காக நான் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) இரண்டு ஆண்டுகளாகப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். முதலில் வேறு இரண்டு மாதிரிகளை வாங்கினால் என் பெயர் மேலே போகும் என்று நாசூக்காகச் சொன்னார்கள். எனக்குப் பிடிக்காத ஒன்றை வாங்கியும் பார்த்தேன். இந்த நிலையில் அந்தக் கடை நடத்தும் சந்திப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்? அதே கடிகாரத்துக்கு எனக்குப் போட்டியாக நிற்பவர். நான் எதைத் தேடுகிறேன் என்பதை அவரிடம் மனம்விட்டு ஏன் சொல்லப்போகிறேன்? நாற்காலிக்காரரின் பெயர் தெரியவில்லை என்று நண்பர் வருந்துகிறாரே, பெயர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே அங்கே புத்திசாலித்தனம்.

ஒமேகாவின் அந்த 2,012 கடிகாரங்களிலும் பல, கைக்கு வந்த சூட்டோடு கூடுதல் விலைக்கு மறுவிற்பனைக்கு வந்தன. ஐந்து ஆண்டுகள் செவ்வாய் தவறாமல் படம் போட்டு, முன்பதிவில் சற்றுப் பிந்தியவர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று யோசியுங்கள். யாருக்கு எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். கூட்டத்துக்கு அழைப்பதை வாங்கிய தொகையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பதில் 3 – ஜனதாப்பிரியன்

ஆடம்பரம் என்ற சொல்லுக்கும் எனக்கும் வெகுதொலைவு. என்னிடம் இருப்பவை எல்லாம் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் அரசு முடிவெடுத்தது. எங்களுக்குக் கூட்டம் நடத்த நிறுவனம் எதுவும் இல்லை. ஆனாலும் சேகரிப்பாளர்களின் கூட்டம் கலையவில்லை. புதிதாக வருகிற ஒருவர், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு டயலுள்ள ஒரு எச்.எம்.டி. ‘பைலட்’ மாதிரியின் படத்தைப் போட்டால், அது மூல டயலன்று, மறுபடி அச்சடித்தது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். அதோடு விடாமல், எழுத்துகளின் விளிம்பு எங்கே தடித்திருக்கிறது, நிமிடக் கோடுகள் எங்கே பிசகியிருக்கின்றன என்று படத்தில் வட்டமிட்டும் காட்டுவார்கள். ஏமாந்தவர் வெட்கப்பட்டு விலகிவிடாமல், அடுத்த மாதம் இன்னொருவருக்கு வட்டமிட்டுக் காட்டுகிறார்.

விலை உயர்ந்த உலகிலும் இதுதான் நடக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போயிற்று. எடுத்தது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. அது பல கடிகாரங்களின் பாகங்களைக் கூட்டி உருவாக்கியது என்ற ஐயத்தைத் துருவித் துருவி வெளியே கொண்டுவந்ததில் கடிகார ஆர்வலர்களுக்குப் பங்கு உண்டு. முன்னாள் ஊழியர்கள் மூவர் அதில் சம்பந்தப்பட்டிருந்ததாக 2023-இல் ஒமேகா வெளிப்படையாகவே சொன்னது. ஆகவே நொடிமுள் அவர்களே, விருந்துச் செலவில் ஒரு பகுதியைப் பழைய கடிகாரங்களின் ஆவணங்களைத் தேடித்தருவதற்குச் செலவிடுங்கள். தன் கடிகாரம் எந்த ஆண்டு, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று அறிந்த மனிதர் அதை நான்கு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்.

நொடிமுள்

மூவருக்கும் நன்றி. காத்திருப்பவன் எழுதியதை அப்படியே மேலாளரிடம் காட்டினேன். வரிசையை வெளிப்படையாக்குவது தம் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார், அதை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆனால் சர்வீஸ் அறையில் ஒரு சனிக்கிழமை மாலை, எட்டு நாற்காலிகள், பேழையும் விற்பனையாளரும் இல்லாமல் ஒரு சந்திப்பு நடத்திப் பார்க்க இசைந்திருக்கிறார். ஃபேவர் லூபாவின் சாவி கொடுக்கும் திருகு மூலப் பாகமன்று என்று அன்று பூதக்கண்ணாடியில் பார்த்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். தம்மிடம் சரியான திருகு ஒன்று உபரியாக இருப்பதாகவும், அதை எடுத்துவருவதாகவும் நேற்று தொலைபேசியில் தெரிவித்தார். பெரியவரின் எண்ணைத்தான் கேட்டார். பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொடுத்துவிட்டேன்.