ஷில்லொங் போறன்: பன்றி சாப்பிடாத ஆளுக்குத் தெருவில என்ன கிடைக்கும்?

டச்சுபே_பிள்ளை (திருகோணமலை):
எல்லாருக்கும் வணக்கம். நவம்பரில ஷில்லொங்கில (இந்தியாவின்ர வடகிழக்கில, மேகாலயாவின்ர தலைநகர்) ஒரு கருத்தரங்கு, போறன். பின்னேரம் ஃப்ரீ. நான் கடற்கரைப் பக்கம் போனா இறால் வடை, சோளம், மாங்காய் எண்டு ஒண்டையும் விடாத ஆள். ஆனா எங்கட வீட்டில மாடும் இல்லை, பன்றியும் இல்லை. அங்க எல்லாத்திலயும் பன்றிதான் எண்டு ஆரோ சொல்ல, அம்மா இப்பவே பிஸ்கட் பக்கெட் அடுக்கத் தொடங்கிட்டா. அங்க இருந்த ஆக்கள் சொல்லுங்கோ. ஹோட்டல் வேண்டாம், தெருவில சாப்பிடுறதுதான் வேணும்.

உப்புவெளி_அண்ணை:
தங்கச்சி, நான் அங்க படிச்சனான். பிஸ்கட்டை அம்மாவே வச்சுச் சாப்பிடட்டும்.

முதல் நேரத்தைக் கதைப்பம். மணிக்கூடு எங்கட நேரம்தான், ஆனா அவை நல்லாக் கிழக்கில. நவம்பரில பின்னேரம் நாலரைக்கே பொழுது பட்டிடும். நகரமும் வேளைக்கே அடங்கிடும். இங்க மாதிரிப் பத்து மணிக்குக் கொத்துச் சத்தம் கேக்கும் எண்டு வெளிக்கிட்டீங்களோ, பூட்டின கதவைப் பாத்திட்டு வரவேண்டியதுதான். அதால பின்னேரத்தை நம்பாமக் காலமையைப் பிடியுங்கோ. கருத்தரங்கில தேத்தண்ணிக்கு முந்தின பேச்சு ஒண்டு போனா ஒண்டும் குறையாது.

எல்லாரும் நகர நடுவில இருக்கிற போலிஸ் பஜார் எண்ட கடைத்தெருவுக்குத்தான் போகச் சொல்லுவினம். நீங்கள் யெவ்டுவுக்குப் போங்கோ. பரா பஜார் எண்டாலும் டாக்சிக்காரருக்கு விளங்கும். சரிவில ஒழுங்கை ஒழுங்கையா இறங்கிற, காசி எண்ட அந்த ஊர்ப் பழங்குடி ஆக்களின்ர பழைய சந்தை, வியாபாரம் கூடப் பொம்பிளையள்தான். உள்ளுக்கு "ஜா பாட் ஷா" எண்டு எழுதின சின்னக் கடையள் இருக்கும். சோறும் தேத்தண்ணியும் விக்கிற கடை. வாங்கில நெருக்கி இருக்கோணும். சட்டியள் முன்னுக்கு இருக்கும், விரலை நீட்டினாச் சரி.

ஜாடோ எண்டது உங்களுக்கு இல்லை. பன்றிக் கொழுப்பில இஞ்சி, வெங்காயம் வதக்கி ஆக்கின சோறு, சிலர் இரத்தமும் சேர்ப்பினம். மஞ்சளா ஜாஸ்டெம் எண்டு ஒண்டு இருக்கும், பாக்க அப்பாவி. சில கடையில அதையும் பன்றிக் குழம்பிலதான் ஆக்கிறவை, கேட்டிட்டு எடுங்கோ. வெள்ளைச் சோறு வாங்கினா யோசினை இல்லை.

கறிக்கு "டோ சியார் நெய்யொங்" கேளுங்கோ. கறுத்த எள்ளை வறுத்து அரைச்சு வச்ச கோழி. பன்றியிலதான் பேர் போனது, கோழியும் வைப்பினம். தூளும் இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. கன்னங்கரேல் எண்டு தடிச்ச குழம்பு, ஓரத்தில எண்ணெய் பிரிஞ்சு நிக்கும். முதல் வாயில வறுத்த எள்ளின்ர மெல்லிய கசப்பு, இஞ்சி பிறகுதான் மெல்ல ஏறும். பக்கத்தில துங்தாப் கொஞ்சம் வையுங்கோ: கருவாட்டைச் சுட்டு, மிளகாய் வெங்காயத்தோட இடிச்சது. அதை வாயில வச்சா, இனி நீங்கள் என்னட்ட ஒண்டும் கேக்கமாட்டியள்.

டோ சியார் கோழி, டோகா மீன், டோ ஸ்னியாங் பன்றி, டோ மாசி மாடு. இந்த நாலும் பாடம் எண்டாக் காணும்.

சாப்பிட்டு முடியப் புக்லெய்னும் ஷா சாவும். ஷா சாவ் எங்கட பிளேன் ரீதான். புக்லெய்ன் அரியதரத்தின்ர ஒண்டுவிட்ட சகோதரம்: அரிசிமா, வெல்லம், எண்ணெயில பொரிச்சது. வெளிய முறுகினது, உள்ள மெத்தெண்டு. சூட்டோட வாங்குங்கோ, ஆறினா இழுபடும்.

குவாய், அதுதான் அவையின்ர வெத்திலை பாக்கு, தந்தா மறுக்கிறது மரியாதை இல்லை, ஆனா கவனம். வெத்திலையும் சுண்ணாம்பும் நாங்கள் போடுறதுதான், பாக்குத்தான் வேற: ஊறின ஈரப் பாக்கு. கொஞ்ச நேரத்தில காது சுடும், வேர்க்கும், தலை சுத்தும். இருந்துகொண்டு போடுங்கோ.

கிண்ணியா_நானா:
அண்ணன் மோமோவ மறந்திட்டாரு, மாவுக்குள்ள இறைச்சியோ மரக்கறியோ வச்சு அவிக்கிறது. தங்கச்சி, மோமோ எடுக்கிற எண்டா உள்ளுக்கு என்ன எண்டு மட்டும் கேட்டாப் போதாது. பன்றி மோமோவும் கோழி மோமோவும் ஒரே பாத்திரத்தில தட்டுத் தட்டா அடுக்கி அவிப்பாங்க, மேல்த்தட்டுத் தண்ணி கீழ்த்தட்டுக்கு வடியும். நான் ஹலால் பாக்கிறதால போனப்போ மரக்கறி, முட்டையோட நிண்டன். ஒரு குறையும் வரல்ல.

சோளகக்காத்து:
போலிஸ் பஜாரை இப்பிடி ஒதுக்கக்கூடாது அண்ணை. ஆலு முரி அங்கதான் சாப்பிடோணும். அவிச்ச உருளைக்கிழங்கும் கடலையும் உறைப்புக் குழம்போட, மேல பொரி, புளித்தண்ணி. உடன சாப்பிடோணும், படம் எடுத்துக்கொண்டு நிண்டாப் பொரி நமுத்திடும்.

உப்புவெளி_அண்ணை:
ஆலு முரிக்கு நான் எதிரி இல்லை தம்பி. அங்க போய் வாட்டின இறைச்சிக் குச்சிக்கு வரிசையில நிக்கிறதைத்தான் சொன்னன்.

டச்சுபே_பிள்ளை:
நன்றி எல்லாருக்கும்! நான் போய் இறங்கிறது ஞாயிறு காலமை. அண்டைக்கே யெவ்டுவுக்குப் போகலாமோ?

உப்புவெளி_அண்ணை:
ஞாயிறு சரிவராது. யெவ்டு பூட்டு, சனம் தேவாலயத்தில. அண்டைக்குத் தம்பி சொன்ன பக்கம் போங்கோ, போலிஸ் பஜாரில ஏதாவது திறந்திருக்கும். குவாஹாத்தியில இருந்து ரோட்டால வாறபடியா நொங்போவில வாகனம் நிக்கும், வெட்டின அன்னாசி வாங்குங்கோ. திங்கள் விடியக் கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு யெவ்டு.