ஆர்100 ஆர்எஸ்: சூடானதும் ஸ்பார்க் காணாமல் போகிறது

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1982 மாடல் பிஎம்டபிள்யூ ஆர்100 ஆர்எஸ் பைக், இரண்டு சிலிண்டர். போன வருடம் பழைய வண்டியாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். ஒரு மாதமாக ஒரே தொல்லை.

குளிர்ந்த எஞ்சின் ஒரே உதையில் எழும். அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடேறியதும் இரண்டு சிலிண்டரும் ஒன்றாக அணைந்துவிடும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே டாக்கோமீட்டர் (எஞ்சின் சுழற்சி வேகம் காட்டும் மீட்டர்) முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். அப்போது எந்தப் பிளக்கிலும் ஸ்பார்க் இல்லை. ஆற விட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும்.

முதலில் பெட்ரோல் மேல்தான் சந்தேகம். பிங் கார்புரேட்டர்களைக் கழுவி டயாஃப்ரம் மாற்றினேன், டேங்க் மூடியின் காற்றுத் துளையும் பார்த்தாயிற்று. வால்வு இடைவெளி இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ., சரியாக இருக்கிறது. பிளக் புதிது. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்கள் இரண்டும் தொடராக இணைந்தவை, ஒன்று போனாலும் இரண்டு பக்கமும் போகும் என்பதால் ஜோடியாக மாற்றினேன். டேங்குக்கு அடியில் உள்ள இக்னிஷன் மாட்யூலை (காயிலுக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்னணுப் பெட்டி) கழற்றி, புது வெப்பப் பசை தடவிப் பொருத்தினேன். அணைந்த நேரத்திலும் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறது.

மிச்சம் இருப்பது மாட்யூலும், முன் மூடிக்குள் கேம்ஷாஃப்ட் முனையில் இருந்து, ஸ்பார்க் எப்போது வேண்டும் என்று மாட்யூலுக்குச் சொல்லும் ஹால் சென்சாரும்தான். இரண்டுமே விலை அதிகம். குருட்டாம்போக்கில் வாங்க மனமில்லை. (மூடியைத் திறக்கும் முன் பேட்டரி எர்த்தைக் கழற்ற வேண்டும் என்று தெரியும்.)

வண்டி சூடாக அணைந்து நிற்கும்போதே, குற்றவாளி மாட்யூலா ஹால் சென்சாரா என்று மல்டிமீட்டர் வைத்துப் பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?