குஞ்சுக்குள் ஈப்புழு: ‘தொற்று’ வேண்டாம், ‘புழுவைப்பு’ எனலாமா?

அன்புடையீர்,

ஈப்புழு உயிருள்ள உடலுக்குள் புகுந்து வாழ்வதை மயாசிஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் கேட்டது:

> மயாசிஸ் என்பதற்கு ‘ஈப்புழுத் தொற்று’ போதுமே?

போதாது என்பேன். தொற்று என்றதும் கிருமிதான் நினைவுக்கு வரும். பிரேசிலின் செராடோ புல்வெளியில் நடப்பது வேறு. பிலோர்னிஸ் ஈயின் புழு, இறகு முளைக்காத குஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. தலையிலும் இறக்கையிலும் வயிற்றிலும் பட்டாணி மாதிரிப் புடைப்புகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் சிறு துளை. புழு தன் பின்முனையை அந்தத் துளையில் வைத்து மூச்சு விடுகிறது, வாய் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. சில நாளில் கொழுத்து, வெளியே விழுந்து, கூட்டின் குப்பைக்குள் கூட்டுப்புழு ஆகிறது.

இதற்கு நம் ஊரிலேயே பேச்சு இருக்கிறது. மாட்டுப் புண்ணில் ஈ முட்டையிட்டுவிட்டால் “புண்ணுல புழு வெச்சிருச்சு” என்று சொல்லி வேப்பெண்ணெயைத் தேடுவார்கள். அதிலிருந்து ‘புழுவைப்பு’. வங்கி வைப்பு நினைவுக்கு வருமே என்றால், வரட்டும். ‘சீழ் வைத்தது’ என்னும்போது யாருக்கும் வங்கி நினைவு வருவதில்லையே. ‘புழுத்தல்’ இன்னும் சுருக்கம்தான். ஆனால் புழுத்த அரிசி, புழுத்த கத்தரிக்காய் என்று கெட்டுப்போனதற்கே அது பழகிவிட்டது. இந்தக் குஞ்சுக்கு உயிர் இருக்கிறது.

அப்புறம், ‘ஒட்டுண்ணி ஈ’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வளர்ந்த ஈ யாரையும் ஒட்டி வாழ்வதில்லை. பழமும் அழுகல் பொருளும்தான் அதன் தீனி. புழுப் பருவம் மட்டுமே ஒட்டுண்ணி. ஆகவே ‘ஒட்டுண்ணி ஈப்புழு’.

சிக்கல் கலாபகஸ் தீவுகளில். அங்கே டார்வின் ஃபிஞ்சு என்னும் சிறு பறவைகளின் கூடுகளில் 1997இல் கண்ட பிலோர்னிஸ் டவுன்சி ஈயின் புழு முதலில் குஞ்சின் மூக்குத் துளைக்குள் வாழும். வளர்ந்தபின் கூட்டின் அடியில் பதுங்கி, இரவில் ஏறிவந்து இரத்தம் குடிக்கும். மூக்குக்குள் இருக்கும்வரை புழுவைப்பு சரி, அதன்பின் பொருந்தாது. கூட்டில் இருப்பதால் ‘கூட்டுப்புழு’ என்றும் சொல்ல முடியாது, ஈயாக மாறுமுன் வரும் பியூப்பா பருவம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ‘கூடுவாழ் ஈப்புழு’ எனக்குச் சரியாகப் படுகிறது. இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருக்கிறதா?

பிலோர்னிசை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம். கிரேக்கத்தில் அது ‘பறவைப் பிரியர்’. மொழிபெயர்த்தால் இங்குள்ள பறவை நோக்கர்கள் என்மேல் சண்டைக்கு வருவார்கள்.