ஆண்டு எண் இரண்டாகத் தெரியும் 1 ரூபாய் காசு: இரட்டை டையா (டை: காசில் உருவம் பதிக்கும் அச்சு), தேய்ந்த டையா?

கேள்வி: போன ஞாயிறு புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் 150 கொடுத்து வாங்கினேன். விற்றவர் 'டபுள் டை சார், அபூர்வம்' என்று சத்தியம் செய்தார். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண்ணின் ஓரமெல்லாம் கொழகொழவென்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில் 1: காசை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். எழுத்தும் உருவமும் இல்லாத இடத்தில் விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகள் ஓடினால் டை தேய்ந்திருக்கிறது. அடிக்க அடிக்க உலோகம் வெளிப்பக்கம் நகர்ந்து டையை அரித்துவிடும், எழுத்து உப்பி மங்கும். உண்மையான இரட்டை டையில் டை செய்யும்போதே உருவம் இரண்டு தடவை பதிந்திருக்கும், அதனால் எழுத்து முனை பிளந்து இரண்டுமே கூர்மையாக நிற்கும்.

பதில் 2: இரண்டாவதாகத் தெரிவது தட்டையாகப் படிக்கட்டு மாதிரி இருந்தால் அது வேறு, அடிக்கும்போது டை ஆடியது. அதற்கும் மதிப்பில்லை. அமெரிக்காவின் 1955 சென்ட்டில் அசல் இரட்டை டையும் உண்டு, டை தேய்ந்து கடைசி 5 மட்டும் நிழலடித்ததும் உண்டு. இரண்டாவதற்குப் பட்டப்பெயரே 'ஏழையின் இரட்டை டை'!

கேட்டவர்: கோடு ஓடுகிறது அண்ணே. சரி, 150 போச்சு.