12 வயசுப் பூனைக்குக் கிட்னி பிரச்சினை, வீட்டில் ஏழு பேர். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வைகைக்கரை:
எங்கள் மணிக்கு 12 வயது. ஒரு மாதமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள், மணல் தட்டு எப்போது பார்த்தாலும் ஈரமாக இருந்தது, வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டோம். போன வாரம் சாப்பாட்டையே நிறுத்தியதும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 4.3. நாலு கிலோ இருந்தவள் இப்போது 3.1. மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு, இனி தினமும் வீட்டிலேயே தோலுக்கடியில் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் (ட்ரிப்ஸில் ஏற்றும் உப்புநீர்) ஏற்றச் சொல்லி, எப்படி என்று காட்டியும் கொடுத்தார்.

வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தனார், நாங்கள் இருவர், 6 வயதிலும் 3 வயதிலும் பிள்ளைகள். காலையில் குக்கர் விசிலும் பள்ளி வேன் அவசரமும்தான். அத்தை பாவம் என்று பால் ஊற்றுகிறார், மாமா தன் தட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு போடுகிறார், பாசத்தில் செய்பவர்களிடம் என்ன சொல்ல? நேற்று ஊசி போடும்போது கை நடுங்கிவிட்டது. துள்ளி ஓடி பீரோவுக்கு அடியில் புகுந்தவள் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. வைத்தியம் என்ற பெயரில் அவளை வதைக்கிறேனோ என்று அழுகையாக வருகிறது.

புளியமரத்தடி:
வதைக்கவில்லை. எங்கள் பூனைக்கு 14 மாதம் ஏற்றியிருக்கிறேன், முதல் பத்து நாள் எனக்கும் கை நடுங்கியது. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அப்புறம் ஏற்றுங்கள். குளிர்ந்ததை ஏற்றினால் அவள் துள்ளத்தான் செய்வாள். பாட்டிலை ஜன்னல் கம்பியில் உயரமாக மாட்டுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலை மடிப்பாகத் தூக்கி, மடிப்பின் அடியில் குத்தினால் போதும். தினமும் புது ஊசி. எனக்கு 18 நம்பர் ஊசி சரியாக வந்தது, பார்க்கப் பெரிதாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், மெல்லிய ஊசியில் இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் அவள் பொறுமை போய்விடும். ஏற்றிய நீர் முதுகில் திமில் மாதிரி நிற்கும், சில சமயம் முன்னங்காலுக்கு இறங்கும். பயப்படாதீர்கள், சில மணி நேரத்தில் வற்றிவிடும்.

காலையில் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே துண்டு. பீரோவுக்கு அடியிலிருந்து மட்டும் இழுத்து வந்து ஊசி போடாதீர்கள், ஒளிந்துகொள்ள அவளுக்கு ஓர் இடமாவது மிச்சம் இருக்கட்டும்.

கால்நடை மாணவி:
அக்கா, கருவாட்டை இன்றே நிறுத்துங்கள். உப்பு ஒரு பக்கம், பாஸ்பரஸ் இன்னொரு பக்கம், கிட்னி கெட்ட பூனைக்கு இரண்டுமே ஆகாது. பால் பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும், பேதியானால் நீங்கள் ஏற்றும் நீரெல்லாம் வீண். மாமாவுக்கும் அத்தைக்கும் கொடுக்காதே என்று மட்டும் சொல்லாமல், கொடுக்க ஒன்றைக் கையில் கொடுங்கள்: வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, உப்பில்லாத கோழி கொஞ்சம். கிட்னி உணவைத் தொடவே மாட்டேன் என்றால் பழைய உணவையாவது சாப்பிடட்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், அது தனி ஆபத்து. கிண்ணத்தருகே வந்து உதட்டை நக்கிவிட்டுத் திரும்பினால் அது குமட்டல், பசியின்மை இல்லை. குமட்டலுக்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்த்தார்களா? அழுத்தம் ஏறினால் திடீரென்று கண் தெரியாமல் போகலாம், பொட்டாசியம் குறைந்தால் கழுத்து தொங்கும். மூச்சு வேகமாக வாங்கினால் ட்ரிப்ஸை நிறுத்திவிட்டு உடனே போங்கள். காய்ச்சல் என்று யாராவது பாராசிட்டமால் கொடுத்துவிடாமல் பாருங்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

மழைமேகம்:
ஒன்று மட்டும் சொல்கிறேன். காலண்டரில் தினமும் குறியுங்கள்: தானாகச் சாப்பிட்டாளா, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தாளா, யாரிடமாவது வந்து உரசினாளா. நான் குறிக்காமல் விட்டதால், வலியில்லாமல் தூங்க வைக்கும் முடிவைப் பத்து நாள் தாமதமாக எடுத்தேன், அந்தப் பத்து நாள் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் வரும்போது காலண்டர் சொல்லிவிடும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் ஆகிறது. இரவு பத்து மணிக்கு மாற்றினேன். மாமாதான் பாட்டிலைச் சூடு பண்ணி மாட்டுகிறார், "ஏம்மா, மணிக்கு நேரமாச்சே" என்று அவரே கூப்பிடுகிறார். கருவாடு நின்றுவிட்டது. வெள்ளைக்கருவை அத்தை ஊட்டினால் மட்டும் சாப்பிடுகிறாள். பெரியவன் காலண்டரில் பூனை படம் வரைகிறான், ஒன்பதில் ஆறு நாள் சிரிக்கிற பூனை. எடை 3.2. ரத்த அழுத்தம் வியாழக்கிழமை பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன். புளியமரத்தடி, பாதி பாட்டில் மிச்சமானால் மறுநாளுக்கு எப்படி எடுத்து வைப்பீர்கள்?