வெட்டியது பாதி வேலைதான்: ஊரை ஒட்டிய காட்டைக் கலைத்த அனுபவங்கள்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் பைன் காடு. ஊருக்கு மேலே சரிவு முழுக்க அதுதான். காட்டுத்தீ பெரிதாகாமல் இருக்க, நெருக்கமாக நிற்கிற மரங்களில் சிலதை வெட்டி இடைவெளி விடப் போகிறோம், அதாவது காட்டைக் கலைக்கப் போகிறோம் என்றார்கள் வனத்துறையினர். மரங்களில் நீலப் பெயிண்டால் அடையாளம் போட ஆரம்பித்ததும் சண்டைக்குப் போன முதல் ஆட்களில் நானும் ஒருத்தி. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெட்டவா வருகிறீர்கள் என்று கேட்டேன்.

வந்திருந்த வன அலுவலர் கோபப்படவில்லை. "வாங்கம்மா, ஒரு மரத்தை வெட்டிக் காட்டுகிறேன்" என்று கூட்டிப்போனார். என் கணுக்கால் பருமன்தான் இருக்கும், ஃபிர் என்கிற ஊசியிலை மரம் ஒன்று. இளம் மரம் என்று நினைத்தேன். அடிக்கட்டையைக் கத்தியால் வழவழவென்று சீவி, விரலால் ஈரம் தொட்டு, ஊசி முனையை வைத்து வளையங்களை எண்ணினார். 72. நடுவில் இருந்த வளையங்கள் கொஞ்சம் அகலம். வெளியே போகப் போகத் தாள் அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் ஏங்கியே காலம் தள்ளிய மரம். என்னைவிட மூத்தது.

பக்கத்திலேயே மூன்று பேர் கைகோத்தால்தான் அணைக்க முடிகிற பொண்டரோசா வகைப் பைன் ஒன்று. அதன் அடியில் முக்கோணமாகக் கருகிய பழைய வடு. தரையோடு வந்துபோன நெருப்புகள் விட்ட தடம் அது. இந்த வகைக் காட்டில் சில வருடங்களுக்கு ஒருமுறை சின்னத் தீ வந்து, சருகையும் கன்றுகளையும் தின்றுவிட்டுப் போகுமாம். பட்டை தடித்த பெரிய மரங்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் மனிதர்கள் எல்லாத் தீயையும் அணைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்க வனத்துறை 1935-இல், எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்றே விதி வைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் நெருப்பு தின்றிருக்க வேண்டிய கன்றுகள் எல்லாம் பிழைத்து, நெருக்கி வளர்ந்துவிட்டன.

தீ எப்படி ஏறும் என்பதையும் அந்த இடத்திலேயே கையால் காட்டினார். சருகில் பிடித்தது புதருக்குப் போகும், புதரிலிருந்து ஃபிர் மரத்தின் தாழ்ந்த கிளைக்கு, அங்கிருந்து பைனின் உச்சிக்கு. ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. உச்சிக்குப் போய்விட்டால் கிளைக்குக் கிளை தாவும், பக்கத்தில் போய் நின்று யாராலும் அணைக்க முடியாது. வெட்டக் கூடாது என்று போட்ட மனுவிலிருந்து அன்றைக்கே என் கையெழுத்தை எடுத்துவிட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை.

வெட்டி முடித்ததும் காடு அழகாகத்தான் இருந்தது. அந்தி வெயில் தரைவரை விழுந்தது. ஒப்பந்தக்காரர் விலைபோகிற கட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். கொப்பும் தழையும் ஆள் உயரக் குவியல்களாக அங்கேயே நின்றன. கொல்லையிலிருந்து எண்ணினால் 41. காய்ந்தபின் பனி விழுந்ததும் எரித்துவிடுவோம் என்றார்கள். முதல் குளிர்காலம் எரிக்கவில்லை. காற்று சரியில்லை, புகை ஊருக்குள் இறங்கும், ஆள் போதவில்லை என்று ஒவ்வொரு காரணமாகச் சொன்னார்கள். கோடை வந்தது. ஊசியிலைகள் செம்பட்டை நிறமாகி, கையில் எடுத்தால் பொடிந்தன. இரண்டாவது கோடையும் அப்படியே போனது. மரங்கள் நெருக்கமாக நின்றபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை. இரவில் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.

மூன்றாவது குளிர்காலத்தில், தரையில் ஓர் அடிப் பனி இருந்தபோது எரித்தார்கள். குவியல்களின் நடுவில் ஈரம் ஏறாமல் இருக்க மெழுகுத்தாள் போட்டு மூடி வைத்திருந்தார்கள், அதனால் சட்டென்று பிடித்தது. ஓரத்தில் எரியாமல் நின்ற கொப்புகளை ஒரு பெண் கவைக்கோலால் நடுவில் தள்ளிக்கொண்டே சுற்றி வந்தார். மூன்று நாள் வீட்டுக்குள் புகை நெடி, மகளுக்கு இருமல். பொறுத்துக்கொண்டோம். வெள்ளைப் பனியில் 41 கறுப்பு வட்டங்கள் தெரிந்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்கள் ஊரில் காடு கலைக்கப் போகிறார்கள் என்றால், எத்தனை மரம் வெட்டுவீர்கள் என்பதோடு விடாதீர்கள். தழையை யார், எப்போது எரிப்பார்கள், அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

*

அக்கா, நான் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன ஏணி அறுந்து போவதை நேரில் பார்த்திருக்கிறேன். முகட்டைத் தாண்டி நெருப்பு வந்தபோது மரத்தைவிட இரண்டு மடங்கு உயரம், சரக்கு ரயில் வருவது போன்ற சத்தம். கலைத்து, தழையையும் எரித்து முடித்திருந்த பகுதிக்குள் நுழைந்ததும் உச்சியிலிருந்து இறங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் முழங்கால் உயரத் தீ. அதன் எதிரே போய் நின்று எங்களால் வேலை செய்ய முடிந்தது. 2011-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்கி மொத்தம் சுமார் 5,38,000 ஏக்கரை எரித்த வாலோ தீயிலும் இதுதான் நடந்தது. ஆல்பைன் என்கிற ஊருக்கு மேலே முன்பே கலைத்து வைத்திருந்த பகுதிக்கு வந்ததும் தீ தரைக்கு இறங்கியது, ஊரைக் காப்பாற்ற முடிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கலைத்த காடு நெருப்பைத் தானாக நிறுத்தாது, நாங்கள் நிற்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான். வெயிலும் காற்றும் உள்ளே வருவதால் தரை சீக்கிரமே காய்ந்தும் போகும். நான் முதலில் சொன்ன தீயில், அன்று இரவு நெருப்பு எங்கள் ஊருக்குள் வரவே இல்லை, ஆனாலும் இரண்டு வீடுகள் போயின. கங்கு பறந்து வந்து விழுந்தது. பலத்த காற்றில் அது ஒரு மைலுக்கு மேலும் போகும். ஒரு வீட்டில் கூரையோர மழைத்தண்ணீர் வாய்க்காலில் பைன் ஊசியிலை நிறைந்திருந்தது. இன்னொன்றில் சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருந்தார்கள். அந்த வீட்டுத் தாத்தா காலையில் வந்து, எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

*

நான் வேறு ஊர். எங்கள் பக்கம் காட்டைக் கலைத்து 12 வருடம் ஆகிறது. அதன்பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் கிடைத்ததும் புதர் இடுப்பளவு ஏறிவிட்டது, ஃபிர் கன்றுகள் மறுபடியும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பெரிய பைன்கள் மட்டும் செழிப்பாக இருக்கின்றன, வறட்சியில் மரப்பட்டையைத் துளைக்கிற பட்டை வண்டு வந்தபோதும் பிசின் கக்கித் தாக்குப்பிடித்தன. அதற்காகவாவது செய்தது நல்லது. ஆனால் பழைய ஏணி திரும்பவும் முளைக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டோடு தரைத்தீ வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டால், புகைக்குப் பயந்து பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

*

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நானும் கணவரும் ஏணி போட்டுக் கூரை ஏறினோம். வாய்க்காலில் இருந்து இரண்டு சாக்கு நிறைய ஊசியிலை வந்தது. விறகு இன்னும் சுவரோரம்தான் இருக்கிறது, நாளை 30 அடி தள்ளி அடுக்கிவிடுவோம். தரைத்தீ பற்றி எழுதியவருக்கு: இங்கே அடுத்த இலையுதிர் காலத்தில் வைக்கப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. எதிர்த்துப் பேசப் போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவள்தானே. அந்த 72 வளைய அடிக்கட்டையிலிருந்து ஒரு சில்லை அறுத்து வாங்கி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு அதை எடுத்துப் போகப் போகிறேன்.